திபேரியாவில் தயிர் சாதம்

இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்கள் நாங்கள் இருவர். பேனாவைப் பிடித்திருப்பவர் எங்களில் கணவர், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அது அப்படி நடக்கவில்லையே!" என்று அடிக்கொருதரம் திருத்துகிறவர் எங்களில் மனைவி. ஆகையால் இதில் ஏதேனும் மிகையாக இருந்தால், அது நான்கு கண்களிலும் மண்ணைத் தூவிவிட்டுப் புகுந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

கல்யாணமாகி 22 வருஷங்கள் ஆன பிறகு, 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், நாங்கள் இருவர் மட்டுமாக ஓர் உல்லாசப் பிரயாணம் போனோம். அதற்கு முன் நாங்கள் சேர்ந்து போன பிரயாணங்களெல்லாம் கல்யாணம், கருமாதி, குலதெய்வம் என்ற மூன்று காரியங்களுக்குள் அடங்கிவிடும். அந்த வருஷம் பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. எங்களில் மனைவி படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். சிறு வயதில் பைபிள் வகுப்பில் கேட்ட கலிலேயா ஏரியை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு வெகு நாளாக ஆசை. டில்லியிலிருந்து டெல் அவீவுக்கு நேராகப் போகும் ஏர் இந்தியா விமானம் அவ்வருஷம் மார்ச் மாதத்தில் ஆரம்பமாகியிருந்தது. சவூதி அரேபியாவின் வானத்தின் வழியாக இஸ்ரேலுக்குப் பறக்கும் முதல் விமானப் போக்குவரத்து என்று அதைப் பற்றிப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. போய்விடுவது என்று தீர்மானித்தோம்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? நாங்கள் இருவரும் மாமிசம் உண்ணாதவர்கள். விசாரித்தபோது ஒரு நண்பர் சொன்னார்: "கோஷர் ஹோட்டலாகப் பார்த்துத் தங்குங்கள். பால் சாப்பாட்டு வேளையில் அங்கே மாமிசத்தின் வாடைகூட வராது. இது அவர்கள் சாஸ்திரம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் திபேரியா நகரில், ஏரிக்கரையில், ஒரு நடுத்தர ஹோட்டலில் நான்கு நாளைக்கு அறை எடுத்தோம். நண்பர் சொன்னது முழு உண்மை. ஆனால் அவர் பாதிதான் சொல்லியிருந்தார்.

'கோஷர்' என்ற எபிரேயச் சொல்லுக்குத் 'தகுதியானது' என்று பொருள். பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் வழக்கமும் இரண்டும் உள்ள மிருகமே தின்னத் தக்கது. ஒட்டகத்துக்கு ஒன்று குறைவு, பன்றிக்கு மற்றொன்று குறைவு, ஆகவே இரண்டும் தள்ளுபடி. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். இந்த விதியின் விசித்திரத்தைத் திபேரியாவில் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரே ஏரியில் திலாப்பியாவும் இருக்கிறது, கெளிற்று மீனும் இருக்கிறது. செதில் உள்ள திலாப்பியா 'பரிசுத்த பேதுருவின் மீன்' என்ற பெயருடன் கரையோரத்து ஹோட்டல்களில் எல்லாம் ராஜ மரியாதை பெறுகிறது. செதில் இல்லாத கெளிறு அதே தண்ணீரில் பிறந்தும், யூதருடைய அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே வேகவைக்கலாகாது என்று யூதர்களின் வேதத்தில் மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய பண்டிதர்கள் பல நூற்றாண்டுகள் யோசித்து எழுப்பிய மாளிகைதான் கோஷர் சமையலறை. பாலும் மாமிசமும் ஒரு பாத்திரத்தில் சேரக்கூடாது. ஒரு மேஜையில் சேரக்கூடாது. ஒரு வயிற்றிலேகூட உடனுக்குடன் சேரக்கூடாது. மாமிசம் சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்தே பால் என்பது பெரும்பாலோர் வழக்கம். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு மூன்று மணி. ஹாலந்துக்காரர்களுக்கு ஒரு மணியே போதும். ஆசாரத்திலும் ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டபோது எங்களுக்கு எப்படியோ சொந்த ஊருக்கு வந்துவிட்டாற்போல் இருந்தது.

திபேரியா சாதாரண ஊர் அல்ல. ஏரோது அந்திப்பா கட்டி, ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியுவின் பெயரைச் சூட்டிய நகரம் அது. சமுத்திர மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. எருசலேம் தால்மூத் என்ற பெரிய தர்ம நூல் பெரும்பாலும் இங்கேதான் தொகுக்கப்பட்டது. 1204-இல் எகிப்தில் காலமான வைத்தியரும் பண்டிதருமான மைமோனிடிஸின் சமாதியும் இங்கே இருக்கிறது. உணவு விதிகளையெல்லாம் வகைப்படுத்தி எழுதி வைத்த மகான் அவர். நாங்கள் போன வருஷம் ஐந்தாண்டு வறட்சியினால் ஏரி உள்வாங்கி, கரையில் வெள்ளைக் கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. மிஷன் பள்ளிக்கூடத்து ஏரி இன்னும் பெரியது என்று மனைவி சொன்னாள்.

முதல் நாள் காலைப் போஜனத்தைப் பற்றி எழுதாமல் மேலே போக மனம் வரவில்லை. வெள்ளரிக்காய், தக்காளி, ஒலிவக்காய், எட்டு விதமான பாலடைக்கட்டி, தக்காளிக் குழம்பில் மிதக்கும் முட்டை, வறுத்த கத்தரிக்காய், 'லபனே' என்று ஒரு கெட்டித் தயிர் - நம் ஊரில் ஸ்ரீகண்டத்துக்குத் துணியில் கட்டித் தொங்கவிடுவோமே, சர்க்கரை சேர்ப்பதற்கு முன் அது எப்படி இருக்குமோ அப்படி. ஒரு மூலையில் உப்பிட்ட மீன் மட்டும் இருந்தது. மீனும் முட்டையும் பாலும் அல்ல, மாமிசமும் அல்ல, நடுத்தரம் என்பது அவர்கள் கணக்கு. கீரையும் கோஸும் இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்த பிறகே வந்ததாகச் சொன்னார்கள். எறும்பைத் தெரியாமல் தின்பதும் அங்கே தோஷம். கீரை ஆய்வதில் தனக்கு நிகரில்லை என்று நினைத்திருந்த மனைவி அன்று முதல் அந்தச் சமையலறையிடம் பக்தி கொண்டுவிட்டாள்.

ராத்திரி அதே மண்டபத்துக்குள் போனால், வேறு உலகம்! மேஜைத் துணி மாறியிருந்தது. காலையில் நீலக் கரை போட்டிருந்த தட்டுகள் மறைந்து சிவப்புக் கரைத் தட்டுகள் வந்திருந்தன. கரண்டி, கத்தி, உப்பு ஜாடி சகலமும் வேறு. ராத்திரி என்றால் மாமிசச் சாப்பாடு. எங்களுக்கென்று சாதமும் வேகவைத்த காய்கறியும் பருப்பு சூப்பும் தனியாகக் கொடுத்தார்கள், குறைவில்லை. ஆனால் சாப்பிட்டு முடியும் சமயத்தில் மனைவி பரிசாரகரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தயிர்" என்றாள். அவர் புன்சிரிப்புடன் தலையை ஆட்டினார். "காப்பிக்குப் பாலாவது?" அதற்கும் புன்சிரிப்பு. பாலில்லாத காப்பி வந்தது. அதைக் குடித்த கணவரின் முகம் எப்படி இருந்தது என்பதை மனைவி இங்கே எழுதச் சொல்லுகிறாள், கணவர் மறுக்கிறார்.

தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குக் கடைசிப் பிடி மோர் சாதம் இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்ததாகவே ஆகாது. எழுந்திருக்கலாமா, கூடாதா என்று கை தயங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் வியாழக்கிழமை காலையில், மனைவி ஒரு காரியம் செய்தாள். மூடி ஒட்டிய சிறு தயிர்க் கிண்ணம் ஒன்றை அறைக்கு எடுத்துவந்து குளிர்ப்பெட்டியில் வைத்தாள். ராத்திரி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஆவி பறக்கும் சாதத்தின்மேல் தயிரைக் கவிழ்த்து, உப்பைத் தூவி, கரண்டியால் பிசைய ஆரம்பித்தாள்.

அடுத்த மேஜையில் ஒரு சிறு பையன் முதலில் பார்த்தான். தகப்பனாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். தகப்பனார் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மண்டபத்தில் யாரும் கூச்சலிடவில்லை. ஆனால் எங்களைச் சுற்றிலும் பேச்சுக் குறைந்தது. பரிசாரகர் விறுவிறுவென்று உள்ளே போனார். தாடியும் கறுப்புக் குல்லாவுமாக ஒரு பெரியவர் வெளியே வந்தார். அவர்தான் அந்த ஹோட்டலின் மஷ்கியா.

மஷ்கியா என்பவர் ஆசார மேற்பார்வையாளர். நாங்கள் போன காலத்தில் இஸ்ரேலில் கோஷர் என்று பெயர் போட்டுக்கொள்ள வேண்டுமானால் ரப்பிகளின் சபையிலிருந்து பத்திரம் வேண்டியிருந்தது. பத்திரமில்லாமல் போட்டுக்கொள்வது 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அந்தப் பத்திரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பவர் மஷ்கியா. சமையலறைக்குள் முட்டை உடைக்கும்போது ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பது முதல், சாமான் வண்டியில் வந்திறங்கும் மூட்டையின் முத்திரையைப் பார்ப்பது வரையில் அவர் பொறுப்பு.

எங்களில் மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தை ஒரே ஒரு தரம் தான் முன்பு பார்த்ததாகக் கணவருக்கு அப்போதே ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

பெரியவர் குனிந்து, மெல்லிய குரலில், இங்கிலீஷில் பேசினார். "அம்மா, பயப்படவேண்டாம். தாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. இந்தச் சட்டம் எங்களுக்கு, தங்களுக்கு அல்ல. தட்டுக்கு மட்டுந்தான் இப்போது வியாதி வந்துவிட்டது. தோட்டத்தில் மேஜை இருக்கிறது. காற்று நன்றாக வரும். அங்கே வந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள்."

தோட்டத்து மேஜைக்குக் காகிதத் தட்டு வந்தது; புதிதாகச் சாதமும் வந்தது. ஏரிக்கு அக்கரையில் கோலான் மலையடிவாரத்து விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. தன் தயிர் சாதத்தை மனைவி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்று பெரியவரிடம் விசாரித்தோம். உலோகமானால் கொதிக்கும் வெந்நீரில் முக்கி எடுத்தால் சுத்தியாகிவிடும். பீங்கான், மண் இவையோ உறிஞ்சினதைக் கக்குவதில்லை, ஆகவே தள்ளிவைத்தாயிற்று என்றார். மனைவி கணவரைப் பார்த்தாள். பித்தளையைப் புளிபோட்டுத் தேய்த்தால் போதும், மண் பானையை உடைத்துத்தான் போடவேண்டும் என்பது எங்கள் வீட்டிலும் ஓதப்பட்ட வேதம்தானே! இரண்டு தேசத்துப் பாட்டிமார்களும் எந்தக் காலத்தில் சந்தித்து இதைப் பேசிக்கொண்டார்களோ, தெரியவில்லை.

பெரியவருக்கு மனைவியிடம் ஒரு மதிப்பு உண்டாகிவிட்டது. சமையலறை வாசல் வரையில் அழைத்துப் போய்க் காட்டினார். தொட்டிகள் இரண்டு ஜதை, அடுப்புகள் இரண்டு ஜதை, கத்திகளின் கைப்பிடியில் வர்ண அடையாளம். சமைப்பவர்களில் பலர் சுற்றுவட்டார கிராமங்களைச் சேர்ந்த அரபிகள். யூதரல்லாதார் சமைத்தது யூதருக்கு ஆகாது என்று ஒரு பழைய விதி உண்டாம். ஆனால் யூதர் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டால் போதும் என்பது ஐரோப்பிய யூதர்களின் சம்பிரதாயம். கீழ்த்திசை யூதர்கள் அதோடு விடுவதில்லை. பண்டத்தையும் யூதர்தான் அடுப்பில் ஏற்றவேண்டும் என்பார்கள். ஆகையால் இவர் விடியற்காலையில் வந்து அடுப்பை மூட்டுகிறார். பானைகளையும் தம் கையாலேயே ஏற்றுகிறார். அப்புறம் அரபிச் சமையற்காரரும் இவரும் நாள் முழுவதும் ஒரே அறையில் வாதாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வேலை செய்கிறார்கள்.

"தட்டுக்குத்தான் வியாதி என்றீர்களே? இது கைக்கு அல்லவா இருக்கிறது?" என்று மனைவி கேட்டாள்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார். "இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்பித்துக்கொண்டார் என்று கணவரும், யோசிக்கப் போயிருக்கிறார் என்று மனைவியும் அபிப்பிராயப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் பிறக்கிறது. நவம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் சூரியன் சாய்ந்துவிடுகிறான். அதற்குள் பஸ்கள் நின்றுவிட்டன, கடைகள் அடைத்தாயிற்று. ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பெரிய தாம்பாளத்தில் மெழுகுவத்திகள் வைத்திருந்தார்கள். ஸ்திரீகள் ஒவ்வொருவராக வந்து ஏற்றி, கைகளால் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லவா வேண்டும்? மனைவி அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

இனி மறுநாள் இருட்டும் வரையில் நெருப்பு மூட்டுவதில்லை, எழுதுவதில்லை, பணத்தைத் தொடுவதில்லை, மின்சாரப் பொத்தானை அழுத்துவதில்லை. மின்தூக்கி ஒன்றைத் தானாகவே மாடிக்கு மாடி நின்று நின்று போகும்படி திருப்பி விட்டிருந்தார்கள். ஏழாம் மாடிக்குப் போகிறவர் ஆறு மாடி வாசல்களையும் தரிசனம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும். அறைக்கு மின்சார அட்டைக்குப் பதில் பழைய காலத்துச் சாவி. மறுநாள் மத்தியானத்துக்கு வேண்டிய 'ஹமீன்' என்ற கூட்டு - பயறு, கோதுமை, உருளைக்கிழங்கு, மாமிசம் எல்லாம் சேர்ந்தது - வெள்ளிக்கிழமையே சிறு சூட்டில் ஏறிவிடுகிறது. நம் கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனி இஸ்ரேல் யூதர்கள் செக்காட்டும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களுக்குச் 'சனிவாரத் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று பெயர் வைத்தார்களாம். அந்தச் சனிக்கிழமையின் முழு ரூபத்தை இங்கேதான் பார்த்தோம்.

அன்று ராத்திரி எங்களைத் தங்கள் மேஜைக்கு அழைத்தார்கள் ஒரு வயோதிகத் தம்பதிகள். நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள்; தாத்தாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு கைப்பிடி வைத்த செம்பில் தண்ணீர் எடுத்துக் கைக்குக் கைமாற்றி ஊற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு ரொட்டி வாய்க்குள் போகும் வரையில் பேசக்கூடாது. அத்தனை பெரிய மண்டபம் முழுவதும் மௌனம். உப்பு வேண்டுமென்று தாத்தா பாட்டியிடம் உறுமலிலேயே தெரிவித்தார். பாட்டி உறுமலிலேயே அவரைக் கண்டித்தாள்.

ரொட்டிக்குப் பிறகு சம்பாஷணை பிறந்தது. தாத்தாவும் பாட்டியும் தேனிலவுக்குப் போனது நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலையில், ஒரு கோஷர் ஹோட்டலுக்கு. அந்த மலை முழுவதும் ஒரு காலத்தில் யூதர்களின் ஹோட்டல்களாக இருந்ததாம். எல்லாவற்றிலும் பெயர் பெற்ற கிராஸிங்கர் ஹோட்டல் 1914-இல் ஒரு சாதாரண விடுதியாக ஆரம்பித்துப் பெரிய சமஸ்தானம்போல் வளர்ந்து 1986-இல் மூடப்பட்டது. "சாப்பாட்டுக்காக மட்டும் நாங்கள் மலை ஏறவில்லை. மற்ற ஹோட்டல்களில் எங்களுக்கு இடம் கொடுக்கமாட்டார்கள்" என்றார் தாத்தா. இது வெறும் மனக்குறை அல்ல, சரித்திரம். 1877-இல் ஜோசப் ஸெலிக்மன் என்ற பெரிய பாங்க் முதலாளியையே, யூதர் என்ற காரணத்தால், ஸரடோகா நகரின் கிராண்டு யூனியன் ஹோட்டலில் அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு வெகு காலம் அமெரிக்காவில் எத்தனையோ விடுதிகள் அந்த வழியைப் பின்பற்றின.

இந்தக் கதையைக் கேட்டு உருகிப்போன எங்களில் கணவர், பாட்டியின் கோப்பை காலியாக இருப்பதைக் கண்டு, மரியாதையாக எழுந்து, திராட்சை ரசப் புட்டியை எடுக்கக் கையை நீட்டினார். கணவர் அதைக் குடிப்பவர் அல்ல, ஊற்றத்தான் நினைத்தார். தாத்தாவின் கை சடாரென்று முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. புட்டியைத் திருப்பி அதன் சீட்டைப் பார்த்தார். "ஆ, காய்ச்சினது! ஊற்றுங்கள், ஊற்றுங்கள்" என்று சிரித்தார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மனைவி சிரித்துவிட்டு விடுகிறவள் அல்ல. "காய்ச்சாததாக இருந்தால்?" என்று கேட்டாள்.

தாத்தா மழுப்பவில்லை. காய்ச்சாத திராட்சை ரசத்தை யூதரல்லாதார் கையாண்டால் பிறகு யூதர் அதைக் குடிக்கலாகாது என்றார். அந்தக் காலத்தில் அந்நிய தெய்வங்களுக்கு ரசத்தைப் படைத்து ஊற்றும் வழக்கம் இருந்தது. அந்தப் பயம் ஒன்று. சேர்ந்து குடித்தால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தோன்றுமே என்ற பயம் இன்னொன்று. காய்ச்சின ரசத்துக்கு மட்டும் அந்தத் தடை இல்லை என்று பண்டிதர்கள் வைத்தார்கள். அதனால்தான் ஹோட்டல்களிலும் விருந்துகளிலும் பெரும்பாலும் காய்ச்சினதையே வாங்கி வைக்கிறார்கள். பரிசாரகர் யாராக இருந்தாலும் ஊற்றலாம். யார் மனமும் நோகாது.

"எனக்கு இது சங்கடமான சட்டந்தான், அம்மா. ஸரடோகாவில் எங்கள் ஜனங்களுக்குச் செய்ததைச் சொன்ன வாயை மூடுவதற்குள் இது நடந்துவிட்டது பாருங்கள்" என்றார் தாத்தா. பாட்டி அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் இதற்கு ஒரு பின்கதை நடந்தது. சனிக்கிழமை காலை தாத்தா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். வானிலையைப் பற்றிப் பேசினார். ஏரியைப் பற்றிப் பேசினார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கள் அறையில் விளக்கை அணைக்க மறந்துவிட்டோம். ராத்திரி முழுவதும் பாட்டிக்குத் தூக்கமே இல்லை" என்று காற்றினிடம் தெரிவித்தார். ஓய்வுநாளில் 'அணையுங்கள்' என்று பிறரைக் கேட்கலாகாது; குறை இன்னதென்று சொல்லிவைக்கலாம். எங்களில் கணவர் போய் அணைத்துவிட்டு வந்தார். "நேற்று ராத்திரி ஆகாத கை இன்று காலையில் ஆயிற்று" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் திபேரியாவில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. ஹமீன் தின்ற ஊர் தூங்குகிறது. தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். வீட்டில் இருந்தால் இத்தனை நேரம் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்க எங்களுக்குச் சாவகாசம் ஏது? அப்போதுதான் 22 வருஷமாகப் பேசாத பேச்சு வந்தது.

வியாழக்கிழமை ராத்திரி கணவருக்கு ஞாபகம் வந்த அந்த வெளுத்த முகம், கல்யாணமான முதல் வருஷத்தது. மூன்று நாள் ஒதுங்கியிருந்த சமயத்தில் மனைவி ஞாபகப் பிசகாக ஊறுகாய் ஜாடியைத் தொட்டுவிட்டாள். கணவரின் தாயார் திட்டவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு வருஷத்து மாவடுவையும் கொல்லைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கல்லில் போட்டு உடைத்தாள். அப்புறம் எட்டு நாள் மருமகளுடன் பேசவில்லை. கணவர் அப்போது திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"ஜாடி போனது பெரிதல்ல. இந்தப் பெரியவர் தட்டைத்தான் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வேறு இடம் போட்டுச் சாதம் கொண்டுவந்தார். அன்றைக்கு ஜாடியோடு என்னையும் அல்லவா கொட்டினார்கள்? நீங்கள் பத்திரிகையைத் தாழ்த்திக்கூடப் பார்க்கவில்லை" என்றாள் மனைவி.

கணவருக்குப் பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து, ஏதாவது சொல்லவேண்டுமே என்று, தேச சரித்திரத்துக்குத் தாவினார். சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்டதனால் 1924, 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டதை எடுத்துச் சொன்னார். சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர்களாலேயே ஒரு பந்தியைச் சேர்த்துப் போட முடியவில்லையே, சாமானிய வீட்டில் ஒரு கிழவியை என்ன சொல்வது என்றார்.

"சேரன்மாதேவி இருக்கட்டும். நம் வீட்டுக் கொல்லை ஜன்னலில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறதே, அது யாருடையது?" என்றாள் மனைவி.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுடைய டம்ளர் அது. பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் கையால் தேய்ப்பவள் அந்த அம்மாள். அவள் தேய்த்த டம்ளரில்தான் நாங்கள் காப்பி குடிக்கிறோம். அவளுக்குக் காப்பி மட்டும் ஜன்னல் டம்ளரில்.

"அது அம்மா வைத்த ஏற்பாடு" என்றார் கணவர்.

"அம்மா போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. ஒன்பது வருஷமாக அதில் காப்பி ஊற்றுகிறவள் நான். தினமும் பார்த்துக்கொண்டு போகிறவர் நீங்கள்" என்றாள் மனைவி. "நேற்று அந்தத் தாத்தாவை நான் துருவித் துருவிக் கேட்டேன். அவராவது சங்கடமாயிருக்கிறது என்று சொன்னார். என்னை யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?"

இதற்கு மேல் நாங்கள் பேசியதை எழுதவேண்டாம் என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

ஐந்தேகால் மணி சுமாருக்கு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது. முன்கூடத்தில் கூடினார்கள். பின்னல் போட்ட மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, வாசனைச் சரக்கு வைத்த சிறு சிமிழைக் கைக்குக் கை கொடுத்தார்கள்; அதில் கிராம்பு வாசனை தூக்கலாக இருந்தது. கடைசியில் திராட்சை ரசத்தில் திரியை அணைத்தார்கள். 'சுர்' என்ற சத்தம் கேட்டதும் ஹோட்டலுக்கு உயிர் வந்துவிட்டது. கணக்கர் யந்திரத்தைத் திறந்தார். மின்தூக்கி பழையபடி சொன்ன மாடிக்குப் போயிற்று. எங்களுக்குக் கணக்குத் தீர்த்து ரசீது கொடுத்தார்கள். ஓய்வுநாளில் பணம் வாங்க மாட்டார்கள் ஆகையால், சனிக்கிழமை காலையில் காலிசெய்ய வேண்டியவர்களும் இருட்டும் வரையில் அறையில் இருக்கலாம் என்பது அந்த ஹோட்டலின் வழக்கம். கூடுதல் வாடகை இல்லை. போகிறவர்கள் இதைக் கவனிக்க. அதேபோல் பாஸ்காப் பண்டிகை வாரத்தில் அங்கே ரொட்டியே கண்ணில் படாது. ஐரோப்பிய வழக்கத்து ஹோட்டலானால் அரிசியும் பருப்புங்கூடக் கிடையாது. தமிழர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நலம்.

மூட்டையைத் தூக்கும் சமயத்தில் மஷ்கியா வந்தார். கையில் ஒரு காகிதப் பை. மூடி ஒட்டிய தயிர்க் கிண்ணம் இரண்டு, பிளாஸ்டிக் கரண்டி இரண்டு. "வழிக்கு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "கையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் நல்ல பதிலாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சமையற்காரரிடமே கேட்டேன். 'நீ அடுப்பை மூட்டுவதால் எனக்கு அரைமணி நேரம் கூடத் தூக்கம் கிடைக்கிறது' என்றார். அது அவர் நல்ல குணம், என் பதில் அல்ல" என்று சொல்லிவிட்டுத் தலை வணங்கிப் போனார்.

ஊர் திரும்பின மறுநாள் காலை, மனைவி ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு அலமாரியில் வைத்துவிட்டு, எங்கள் டம்ளர்களில் ஒன்றிலே காப்பியை ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்குக் கொடுத்தாள். அவள் டம்ளரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என் டம்ளர் எங்கேம்மா?" என்றாள்.

"இனிமேல் இதுதான். எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றாள் மனைவி.

"அது சரி. ஆனா என் டம்ளர் இதைவிடப் பெருசும்மா" என்றாள் அவள்.